ஒரே கணக்கு, மூன்று விடைகள்: அறிவியல் கணிப்பானை அறிவோம்

ஜொகூர் மாநிலத்தின் மிக உயரமான மலை லேடாங் மலை. தங்காக் மாவட்டத்தில், மலாக்கா மாநில எல்லைக்கு அருகில் அது அமைந்துள்ளது. அதன் உயரம் 1,276 மீட்டர். கடல் மட்டத்திற்கு இணையான சமவெளியில் நின்று ஒருவர் இம்மலையின் உச்சியைப் பார்க்கிறார். அவர் பார்க்கும் ஏற்றக் கோணம் 8 பாகை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், மலையுச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து அவர் எவ்வளவு தொலைவில் நிற்கிறார்?

மூன்றாம் படிவத்தில் முக்கோணவியல் விகிதங்களைப் படித்தவர்களுக்கு இஃது எளிய கணக்கு. உயரத்தை அக்கோணத்தின் டேன் மதிப்பால் வகுத்தால் தொலைவு கிடைத்துவிடும். அதாவது, 1276 ÷ டேன் 8.

ஒரு வகுப்பில் மூன்று மாணவர்கள் இக்கணக்கைச் செய்வதாகக் கற்பனை செய்து பாருங்கள். மூவரிடமும் ஒரே வகைக் கணிப்பான் உள்ளது. மூவரும் அதே விசைகளை அதே வரிசையில் அழுத்துகின்றனர். முதல் மாணவிக்கு 9,079 மீட்டர் என்று விடை வருகிறது. இரண்டாம் மாணவனுக்கு 10,101 மீட்டர் வருகிறது. மூன்றாம் மாணவனின் திரையிலோ −188 தோன்றுகிறது.

தொலைவு எதிர்ம எண்ணாக இருக்க முடியாது. ஆகவே, மூன்றாம் மாணவன் உடனே தன் தவற்றை உணர்ந்துகொள்வான். ஆனால், இரண்டாம் மாணவனின் நிலை என்ன? 10,101 மீட்டர் என்பது நம்பக்கூடிய விடையாகத்தான் தெரிகிறது. அவன் அதை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடுவான். உண்மையில் அவனுடைய விடை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தவறானது.

மூன்று கருவிகளிலும் பழுது எதுவும் இல்லை. வேறுபாடு அவற்றின் அமைப்பில்தான் இருக்கிறது. நாம் எப்படி அமைத்து வைத்திருக்கிறோமோ, அப்படியே கணிப்பான் கணக்கிடும். எனவே, அறிவியல் கணிப்பானைச் சரியாக அமைக்கவும், அது தரும் விடையைச் சீர்தூக்கிப் பார்க்கவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

சட்டைப் பையில் வந்த கருவி

இன்று நம் கையில் எளிதாகக் கிடைக்கும் இக்கருவி ஒரு காலத்தில் அரிய பொருளாக இருந்தது. அதற்கு முன்பு, பெரிய எண்களைப் பெருக்கவும் வகுக்கவும் மடக்கை அட்டவணையைப் பயன்படுத்தினர். மடக்கை முறையை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் 1614ஆம் ஆண்டில் வெளியிட்டார். முக்கோணவியல் மதிப்புகளுக்கும் அட்டவணை நூலைத்தான் புரட்ட வேண்டும். வீட்டில் உள்ள மூத்தோரிடம் கேட்டுப் பாருங்கள். நான்கு இலக்க அட்டவணை நூலைத் தேர்வில் பயன்படுத்திய அனுபவம் அவர்களில் சிலருக்கு இருக்கும்.

1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் எச்.பி.-35 என்னும் கணிப்பானை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சைன், கோஸ், டேன், மடக்கை ஆகியவற்றைக் கணக்கிடக்கூடிய முதல் கையடக்கக் கணிப்பான் அதுவே. அதில் 35 விசைகள் இருந்தன, அதனால்தான் அப்பெயர். அதன் விலை 395 அமெரிக்க டாலர். அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

அந்தக் கருவியிலும் தொடக்கத்தில் ஒரு பிழை இருந்தது. 2.02 என்னும் எண்ணின் இயல் மடக்கையைக் கண்டு, பிறகு அதைத் திரும்பப் பழைய எண்ணாக மாற்றினால் 2.02 வரவேண்டும். ஆனால், கருவி 2 என்று காட்டியது. பிழை தெரிந்ததும் நிறுவனம் வாங்கியவர்களுக்கு அதை அறிவித்து, திருத்திய கருவியைத் தர முன்வந்தது. விடை என்னவாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிந்தவர்களால்தான் அப்பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதியில் இது நமக்குப் பயன்படும்.

இன்று எஸ்.பி.எம். கணிதத் தேர்வில் நிரல் எழுத முடியாத அறிவியல் கணிப்பானைப் பயன்படுத்த மாணவர்களுக்கு அனுமதி உண்டு. நம் நாட்டு மாணவர்களின் பைகளில் பரவலாகக் காணப்படும் ஒரு வகை காசியோ எஃப்.எக்ஸ்-570 எம்.எஸ். இக்கட்டுரையில் அக்கருவியின் விசைகளையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். உங்களிடம் வேறு வகை இருந்தால், விசைகளின் இடமும் வரிசையும் சற்று மாறலாம். அடிப்படைக் கருத்து ஒன்றே.

முதலில் பழைய அமைப்பை நீக்குவோம்

கணிப்பானை அணைத்துவிட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. நேற்று நீங்கள் மாற்றிய அமைப்பு இன்றும் அப்படியே இருக்கும். நண்பரிடம் இரவல் வாங்கிய கணிப்பானில் அவர் செய்து வைத்த அமைப்பு இருக்கும். ஆகவே, முக்கியமான கணக்கைத் தொடங்கும் முன்பும் தேர்வுக்கு முன்பும் பழைய அமைப்பை நீக்கிவிடுவது நல்ல பழக்கம்.

அதற்கான படிகள் பின்வருமாறு:

1. 'ஆன்' விசையை அழுத்திக் கருவியைத் தொடக்குக.
2. 'ஷிஃப்ட்' விசையை அழுத்துக. பின்னர், 'மோட்' விசையை அழுத்துக. 'மோட்' விசைக்கு மேலே, அழித்தல் என்னும் பொருள்தரும் 'சி.எல்.ஆர்.' என்னும் எழுத்துகள் இருப்பதைக் காணலாம்.
3. திரையில் மூன்று தெரிவுகள் தோன்றும். 1 என்பது நினைவகத்தை மட்டும் அழிக்கும். 2 என்பது அமைப்பை மட்டும் நீக்கும். 3 என்பது எல்லாவற்றையும் அழிக்கும்.
4. 2 அல்லது 3ஐ அழுத்திய பின்னர், '=' விசையை அழுத்தி உறுதிப்படுத்துக.
5. 'ஏ.சி.' விசையை அழுத்திக் கணக்கைத் தொடங்குக.

'ஷிஃப்ட்' விசையின் பணியையும் இங்கே அறிந்துகொள்வோம். ஒவ்வொரு விசைக்கும் மேலே வேறு நிறத்தில் சிறிய எழுத்துகள் இருக்கும். அவை அவ்விசையின் இரண்டாவது பணியைக் குறிக்கும். 'ஷிஃப்ட்' விசையை முதலில் அழுத்தினால் அந்த இரண்டாவது பணி நடைபெறும்.

பாகையா, ரேடியனா?

லேடாங் மலைக் கணக்கில் மூன்று விடைகள் வந்ததன் காரணத்தை இப்போது பார்ப்போம். நீளத்தை மீட்டரிலும் அளக்கலாம், அடியிலும் அளக்கலாம். அதுபோலவே, கோணத்தையும் வெவ்வேறு அலகுகளில் அளக்கலாம். ஒரு முழு வட்டத்தில் 360 பாகைகள் உள்ளன. அதே வட்டம் ரேடியன் அலகில் 2π, அதாவது ஏறத்தாழ 6.28 ஆகும். கிரேடியன் அலகில் அது 400.

கணிப்பானில் நாம் 8 என்று மட்டுமே தட்டுகிறோம். அந்த 8 பாகையா, ரேடியனா, கிரேடியனா என்பதைக் கருவி எப்படி அறியும்? அதன் அமைப்பைப் பார்த்தே அறியும். திரையின் மேற்பகுதியில் மிகச் சிறிய ஆங்கில எழுத்து ஒன்று தெரியும். 'டி' என்றால் பாகை. 'ஆர்' என்றால் ரேடியன். 'ஜி' என்றால் கிரேடியன். முதல் மாணவியின் திரையில் 'டி' இருந்தது. இரண்டாம் மாணவனின் திரையில் 'ஜி' இருந்தது. மூன்றாம் மாணவனின் திரையில் 'ஆர்' இருந்தது. அந்த ஓர் எழுத்தே விடைகளை மாற்றியது.

கோண அலகை மாற்றுவதற்கு, 'மோட்' விசையைத் தொடர்ந்து நான்கு முறை அழுத்த வேண்டும். திரையில் பாகை, ரேடியன், கிரேடியன் ஆகிய மூன்று தெரிவுகளின் சுருக்கப் பெயர்கள் தோன்றும். பாகைக்கு 1, ரேடியனுக்கு 2, கிரேடியனுக்கு 3 ஆகியவற்றை அழுத்துக. வேறு வகைக் கருவியாக இருந்தால், அந்த மூன்று தெரிவுகள் தோன்றும் வரை 'மோட்' விசையை அழுத்திப் பார்க்கலாம். புதிய வகைகள் சிலவற்றில் 'ஷிஃப்ட்', 'மோட்' ஆகிய இரண்டையும் அழுத்தினால் அமைப்புப் பட்டியல் தோன்றும்.

நாமாக விரும்பி மாற்றாதபோது அமைப்பு எப்படி மாறுகிறது? பெரும்பாலும் நாம்தான் மாற்றியிருப்போம். ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில் வட்ட அளவை என்னும் பாடம் உண்டு. அப்பாடத்தில் கோணத்தை ரேடியனில் கணக்கிட வேண்டும். அதற்காகக் கணிப்பானை ரேடியனுக்கு மாற்றியவர்கள், மீண்டும் பாகைக்குக் கொண்டு வர மறந்துவிடுகின்றனர். அடுத்த நாள் இயற்பியல் பாடத்தில் விடை தவறிப்போகிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. 'சைன்' விசையை அழுத்தி, 30 என்று தட்டி, '=' விசையை அழுத்துங்கள். 0.5 என்று வந்தால் கருவி பாகையில் உள்ளது. −0.988 என்று வந்தால் ரேடியனில் உள்ளது. 0.454 என்று வந்தால் கிரேடியனில் உள்ளது. இச்சோதனைக்கு ஐந்து விநாடி போதும்.

விடை திரையில் எப்படித் தோன்றும்?

1 ÷ 200 என்று தட்டிப் பாருங்கள். சிலருடைய திரையில் 0.005 என்று வரும். வேறு சிலருடைய திரையில் 5 × 10⁻³ என்று வரும். இரண்டும் ஒன்றே. முதலாவது சாதாரண வடிவம். இரண்டாவது நியம வடிவம். கருவியைப் புதிதாக அமைத்தவுடன், 0.01ஐவிடச் சிறிய எண்களை அது நியம வடிவத்திலேயே காட்டும். சாதாரண வடிவம் வேண்டுமானால், 'மோட்' விசையை ஐந்து முறை அழுத்தி, 3ஐத் தெரிவுசெய்து, பின்னர் 2ஐ அழுத்த வேண்டும்.

அதே பட்டியலில் 1ஐத் தெரிவுசெய்தால், தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்கள் வேண்டும் என்று கருவி கேட்கும். பணக் கணக்கிற்கு 2 என்று கொடுத்தால் போதும். விடைகள் ரிங்கிட்டும் சென்னுமாகத் தோன்றும்.

ஆனால், ஒரு செய்தியைக் கவனியுங்கள். ஓர் உணவகத்தில் 48.50 ரிங்கிட்டுக்குச் சாப்பிடுகிறோம். அதற்கு 6 விழுக்காடு சேவை வரி சேர்க்க வேண்டும். 48.50 × 1.06 என்று தட்டினால் 51.41 என்று விடை வரும். நாம் ரொக்கமாகக் கொடுப்பது 51.40 ரிங்கிட்தான். ஏனெனில், 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்குகின்றனர். கணிப்பானுக்கு இந்த நடைமுறை தெரியாது. அதை அறிந்திருக்க வேண்டியவர்கள் நாமே.

எதை முதலில் கணக்கிடும்?

ஜொகூர் பாருவில் வாழும் பலருக்குச் சிங்கப்பூர் வெள்ளியை ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கம் உண்டு. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜொகூர் தரைப்பாலத்தைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் சென்று வருவோர் பலர். அவர்களில் ஒருவர் ஒரு நாள் 45 வெள்ளியும் மறுநாள் 12.50 வெள்ளியும் சேமித்தார் என்று கொள்வோம். ஒரு வெள்ளிக்கு 3.30 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், அவருடைய சேமிப்பு எத்தனை ரிங்கிட்?

45 + 12.50 × 3.30 என்று தட்டினால் 86.25 என்று வரும். இது தவறு. கணிப்பான் முதலில் பெருக்கலைச் செய்யும். பிறகே கூட்டலைச் செய்யும். அதனால், 12.50 வெள்ளி மட்டுமே ரிங்கிட்டாக மாறியது. 45 வெள்ளி மாறாமல் அப்படியே கூட்டப்பட்டது. இரண்டையும் முதலில் கூட்ட வேண்டுமானால் அடைப்புக்குறி தேவை. (45 + 12.50) × 3.30 என்று தட்டினால் 189.75 ரிங்கிட் என்று சரியான விடை வரும். ஒரு சோடி அடைப்புக்குறியால் 103.50 ரிங்கிட் வேறுபாடு ஏற்பட்டுவிட்டது.

அடைப்புக்குறி தேவைப்படும் மேலும் இரண்டு இடங்களை நினைவில் கொள்ளுங்கள். முதலாவது, வகுத்தல். 12ஐ 4 × 3 என்பதால் வகுக்க வேண்டுமானால் 12 ÷ (4 × 3) என்று தட்ட வேண்டும், விடை 1. அடைப்புக்குறி இல்லாமல் 12 ÷ 4 × 3 என்று தட்டினால் விடை 9. தாளில் பின்னக் கோட்டுக்குக் கீழே எழுதியிருப்பவை எல்லாம் ஒன்றாக வகுக்க வேண்டியவை என்பது நமக்குக் கண்ணாலேயே தெரியும். ஒரே வரியாகத் தட்டும்போது கருவிக்கு அது தெரியாது.

இரண்டாவது, எதிர்ம எண்ணின் வர்க்கம். −3 என்னும் எண்ணின் வர்க்கம் 9. ஆனால், −3² என்று தட்டினால் கருவி −9 என்று காட்டும். அது 3இன் வர்க்கத்தைக் கண்டு, பிறகு கழித்தல் குறியைச் சேர்க்கிறது. (−3)² என்று தட்டினால்தான் 9 வரும்.

பின்னங்களும் மாகாணியும்

அறிவியல் கணிப்பானில் பின்னங்களுக்கென்று தனி விசை உண்டு. 3, பின்ன விசை, 4 என்று தட்டினால் முக்கால் உள்ளீடாகும். முக்காலையும் அரைக்காலையும் கூட்டிப் பாருங்கள். 3/4 + 1/8 என்பதற்கு 7/8 என்று விடை வரும். அதே பின்ன விசையை மறுபடி அழுத்தினால் 0.875 என்று தசம வடிவில் தோன்றும்.

பின்னக் கணக்கு தமிழருக்குப் புதியது அன்று. நம் முன்னோர் சிறிய பின்னங்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் வைத்திருந்தனர். இருபதில் ஒரு பங்கு 'மா'. எண்பதில் ஒரு பங்கு 'காணி'. பதினாறில் ஒரு பங்கு 'மாகாணி'. முந்நூற்று இருபதில் ஒரு பங்கு 'முந்திரி'. திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் இவற்றை எண்சுவடியில் மனப்பாடம் செய்தனர்.

இப்போது கணிப்பானை எடுத்து 1/20 + 1/80 என்று தட்டுங்கள். 1/16 என்று விடை வரும். அதாவது, மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி! அச்சொல்லிலேயே அந்தக் கணக்கு அடங்கியிருக்கிறது. அடுத்து, 1 ÷ 320 என்று தட்டி முந்திரியைத் தசமத்தில் பாருங்கள். 0.003125 அல்லது 3.125 × 10⁻³ என்று வரும். இவ்விரண்டு வடிவங்களும் ஏன் வருகின்றன என்பதற்கான காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்.

மிகப் பெரிய எண்கள்

பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 1.5 × 10¹¹ மீட்டர். ஒளி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 3 × 10⁸ மீட்டர் செல்கிறது. சூரிய ஒளி நம்மை வந்தடைய எவ்வளவு நேரமாகும்?

இத்தகைய எண்களுக்கு 'எக்ஸ்ப்' என்னும் விசை உள்ளது. புதிய கருவிகளில் அவ்விசையின் மேல் × 10 என்றும் அதன் அடுக்கும் பொறிக்கப்பட்டிருக்கும். 1.5, எக்ஸ்ப், 11, ÷, 3, எக்ஸ்ப், 8, = என்று தட்டினால் 500 என்று விடை வரும். அதாவது 500 விநாடிகள். 8 நிமிடம் 20 விநாடிகள்.

இங்கே மாணவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. 'எக்ஸ்ப்' விசையிலேயே × 10 அடங்கியிருக்கிறது. அதை அறியாமல் சிலர் 1.5 × 10 என்று தட்டிவிட்டு, அதன் பின்னர் 'எக்ஸ்ப்' விசையை அழுத்துகின்றனர். விடை பத்து மடங்காகிவிடும். வேறு சிலர் இவ்விசையைப் பயன்படுத்தாமல், 1.5 × 10¹¹ ÷ 3 × 10⁸ என்று அடைப்புக்குறியின்றித் தட்டுகின்றனர். கருவி 3ஆல் வகுத்துவிட்டு, 10⁸ஆல் பெருக்கிவிடும். விடை 5 × 10¹⁸ என்று வரும். அவ்வளவு விநாடிகள் என்றால், அது பல்லாயிரம் கோடி ஆண்டுகளுக்குச் சமம்!

நினைவகம்

பல சிறு கணக்குகளின் விடைகளைச் சேர்க்க வேண்டியபோது நினைவகம் உதவும். சந்தையில் கிலோ 8.90 ரிங்கிட் வீதம் 3 கிலோ மீன், 12.50 ரிங்கிட் வீதம் இரண்டு கோழி, 4.20 ரிங்கிட் வீதம் ஐந்து கட்டுக் கீரை வாங்குகிறோம் என்று கொள்வோம். 3 × 8.90 என்று தட்டி 'எம்+' விசையை அழுத்துக. 2 × 12.50 என்று தட்டி மீண்டும் அழுத்துக. 5 × 4.20 என்று தட்டி மீண்டும் அழுத்துக. பின்னர், 'ஆர்.சி.எல்.' விசையையும் 'எம்' எழுத்துள்ள விசையையும் அழுத்தினால் மொத்தம் 72.70 ரிங்கிட் என்று தோன்றும்.

நினைவகத்தில் ஏதேனும் எண் இருந்தால் திரையில் 'எம்' என்னும் எழுத்து தெரியும். கணக்கைத் தொடங்கும் முன்பே அவ்வெழுத்து தெரிந்தால், பழைய எண் ஒன்று உள்ளே இருக்கிறது என்று பொருள். அதை அழிக்காவிட்டால் நேற்றைய கணக்கு இன்றைய கணக்கோடு சேர்ந்துவிடும்.

அழுத்தும் முன் மதிப்பிடுவோம்

மீண்டும் லேடாங் மலைக்கு வருவோம். இரண்டாம் மாணவன் தன் தவற்றை எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம்?

விடையைத் திருப்பிப் போட்டுச் சரிபார்க்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். 1276ஐ 10,101ஆல் வகுத்து, 'ஷிஃப்ட்', 'டேன்' விசைகளின் வழி கோணத்தைக் கண்டால் என்ன வரும்? அவனுடைய கருவியில் 8 என்றுதான் வரும். ஏனெனில், போகும்போது செய்த தவற்றையே கருவி திரும்பும்போதும் செய்கிறது. அதே அமைப்பில் எத்தனை முறை சரிபார்த்தாலும் தவறு வெளிப்படாது.

கருவிக்கு வெளியே நின்று சரிபார்க்க வேண்டும். ஒரு ரேடியன் என்பது ஏறத்தாழ 57 பாகை. ஆகவே, சிறிய கோணத்தின் பாகை அளவை 57ஆல் வகுத்தால், அதன் டேன் மதிப்பு ஏறத்தாழக் கிடைத்துவிடும். 8 பாகைக்கு அது 8/57. அதாவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. ஏழில் ஒரு பங்கால் வகுப்பது என்பது ஏழால் பெருக்குவதுதான். 1276 × 7 = 8,932. எனவே, விடை ஏறத்தாழ 9,000 மீட்டராக இருக்க வேண்டும். இந்த மதிப்பீடு கையில் இருந்தால், 9,079 என்னும் விடையை நம்பலாம். 10,101 என்னும் விடையைக் கண்டதும், திரையின் மேலே உள்ள சிறிய எழுத்தைப் பார்க்கத் தோன்றும்.

எச்.பி.-35 கருவியின் பிழை வெளிப்பட்டதும் இவ்வாறே. விடை 2.02 என்று முன்பே தெரிந்ததால்தான் 2 என்பது தவறு என்று தெரிந்தது. மதிப்பீடு எதுவும் இல்லாதவர்கள் திரையில் தோன்றும் எந்த எண்ணையும் ஏற்றுக்கொள்வர்.

மதிப்பிடுவது கடினமான வேலை அன்று. எண்களை எளிய எண்களாக மாற்றி மனக்கணக்காகச் செய்தால் போதும். 48.50 ரிங்கிட் என்பதை 50 என்று கொள்ளுங்கள். 6 விழுக்காடு வரி 3 ரிங்கிட். விடை 53 ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும். 57.50 வெள்ளி என்பதை 60 என்று கொள்ளுங்கள். மூன்று மடங்கு 180 ரிங்கிட். 86.25 என்று வந்தால் எங்கோ தவறு இருக்கிறது. இவ்வளவுதான்.

தேர்வில் விடையை மட்டுமன்றி வழிமுறையையும் எழுதுங்கள். எந்த எண்களை எந்த வரிசையில் கணக்கிட்டீர்கள் என்பது தாளில் இருந்தால், விசையை மாற்றி அழுத்திவிட்டாலும் தவறு நேர்ந்த இடத்தை நீங்களே கண்டுபிடித்துத் திருத்தலாம். வழிமுறைக்கு உரிய புள்ளிகளும் கிடைக்கும்.

மாணவர்களே, கணிப்பான் மிக விரைவாகக் கணக்கிடும். எனினும், நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே அது விடை சொல்லும். நாம் கேட்க நினைத்த கேள்வியை அது அறியாது. இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் கணிப்பானை எடுத்து, 'சைன்' 30 என்று தட்டிப் பாருங்கள். 0.5 வருகிறதா? வராவிட்டால், காரணமும் தீர்வும் இப்போது உங்களுக்குத் தெரியும்.